நூறாவது வயிறு

பிப்ரவரி. கோடை என்று பேர்.
காஸ்ட்ரோவில் மழை.
எலியேசர் நாவெல்கீன் ரப்பர் பூட்ஸோடு உள்ளே வந்தான்,
பின்னாலேயே டீசல் வாசனை.
ரோசால்பா படுத்துச் சட்டையை ஏற்றிக்கொண்டாள்.
ஜெல் சில்லென்றிருக்கும், என்றேன்.
இந்தத் தீவில் எதுதான் இல்லை, என்றாள்.

இருபது வாரம், நாலு நாள்.
தலையின் சுற்றளவு. தொடை எலும்பு.
இதயத்தில் நாலு அறைகள், நாலிலும் ஆள் நடமாட்டம்.
முதுகெலும்பு ஒரு சின்ன மீனின் முள்.
நான் தேடுவது இவற்றைத்தான்.
யாரும் என்னிடம் சிறுநீரகத்தைப் பற்றிக் கேட்டதில்லை.
எல்லோரிடமும் ஒரே கேள்வி.

குழந்தை கால்மேல் கால் போட்டிருந்தது.
இடப்பக்கம் திரும்பு, என்றேன்.
இருமு. கொஞ்சம் நடந்துவிட்டு வா.
ஒரு சாக்லேட் தின்றுவிட்டு வந்து படுத்தாள்.
ஒரு நொடி, கால் விலகியது.
நடுவே வெள்ளையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது.
பையன், என்றேன்.

எவ்வளவு நிச்சயம்?
கேட்டவன் கடலுக்குப் போகிறவன்,
வானிலை அறிக்கையை நம்பி மூன்று முறை வலையை இழந்தவன்.
நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது, என்றேன்.

பொய்யில்லை.
பதினோராம் வாரத்தில் வந்திருந்தால்
நாலுக்கு மூன்று என்றிருப்பேன்.
அப்போது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மொட்டு,
அது நிமிர்ந்திருக்கிறதா படுத்திருக்கிறதா என்று
கோணம் பார்த்துக் குறி சொல்வோம்.
இருபதில் துணிந்து சொல்லலாம்.
மிச்சமிருந்த அந்த ஒன்றைப் பற்றி
அவனும் கேட்கவில்லை,
நானும் வாய் திறக்கவில்லை.

ஜூலையில் பிறந்தது பெண்.

பழைய படத்தைத் திறந்து பார்த்தேன்.
தொப்புள்கொடி.
காலிடுக்கில் ஒரு மடிப்பு விழுந்து கிடந்திருக்கிறது.
அம்மாவோடு அவளைக் கட்டியிருந்த கயிற்றை
மகன் என்று வாசித்திருக்கிறேன்.
கலர் டாப்ளர் போட்டிருந்தால்
ரத்தம் சிவப்பும் நீலமுமாக ஓடிக் காட்டிக் கொடுத்திருக்கும்.
போடவில்லை.
வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள்.

வார்டுக்குப் போனேன். யாரும் அனுப்பவில்லை.
ரோசால்பா கோபப்படவில்லை.
பால் நன்றாகக் குடிக்கிறாள், என்றாள், அவ்வளவுதான்.
எலியேசர்தான் என்னை ஜன்னலோரம் அழைத்துப்போனான்.
குரலைத் தாழ்த்திக்கொண்டான், மகளுக்குக் கேட்டுவிடுமோ என்பதுபோல.

இவளை எனக்குப் பிடித்துவிட்டது. அதில்லை கேள்வி.
நாலரை மாசம்
வயிற்றில் வாயை வைத்து, அன்செல்மோ, அன்செல்மோ என்று
ராத்திரி ராத்திரி பேசினேனே,
அந்தப் பையன் எங்கே?

என் இயந்திரத்தில் அதை அளக்கப் பொத்தான் இல்லை.
மன்னியுங்கள், என்றேன்.
அவன் தலையாட்டினான். எதற்கு என்று தெரியவில்லை.

மஞ்சள் படகில் பெயர் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது,
சிவப்பில், மூன்று பூச்சு.
தண்ணீரில் இறங்கிய படகின் பெயரை மாற்றக் கை வரவில்லையாம்.
அதனால் பிறக்காத அன்செல்மோ
இருட்டோடு கிளம்பிப் போய்
கூடை நிறைய நண்டும் மீனுமாகத் திரும்புகிறான்.
பிறந்த ஒடிலியா
அதைத் தின்று பல் முளைக்கிறாள்.

இப்போது நான் "போலத் தெரிகிறது" என்று முடிக்கிறேன்.
கூடவே கலரும் போடுகிறேன், எத்தனை பேர் காத்திருந்தாலும்.
ஆனால் அந்தப் "போல" என் வாயைவிட்டு வரும்போதே
ஜெல்லோடு சேர்த்துத் துடைத்து எறியப்படுகிறது.

நேற்று ஒருத்தி,
பதின்மூன்று வாரம்.
பெண் போலத் தெரிகிறது, இன்னும் சீக்கிரம்,
அடுத்த மாதம் வாருங்கள், என்றேன்.
கதவைத் தாண்டுவதற்குள் போனில் இருந்தாள்.
பெண், என்றாள் யாரிடமோ.
பெண்ணாம், என்றுகூட இல்லை.