ஒரே பென்சில்

அபையாங் தீவில் எனக்குப் பதினோரு தென்னைகள்.
விடியலில் ஒருமுறை, வெயில் சாய ஒருமுறை
ஏறிப் பாளை நுனியை
வெங்காயத் தோல் கனத்துக்குச் சீவிவிட்டு
பாட்டிலைக் கட்டி இறங்குவேன்.
ஒரு வேளை தவறினால்
வெட்டு உலர்ந்து மரம் வாயை மூடிக்கொள்ளும்.

செவிலி தெரெட்டியா என் விரலைக் குத்தியபோது
அதையேதான் சொன்னாள்:
விடியலில் வெறும் வயிற்றில் ஒன்று,
சாப்பிட்டு இரண்டு மணி கழித்து ஒன்று,
வேளை தவறக் கூடாது.
சிரித்துவிட்டேன்.
பாளையும் நான், சீவுகிறவனும் நான்,
சொட்டுவது மட்டும் சிவப்பு.

ஒரு கருவி, ஐம்பது பட்டைகள் தந்தாள்.
நோட்டு வீட்டில் இருந்தது, என் பதநீர்க் கணக்கு நோட்டு:
யாருக்கு எத்தனை பாட்டில், யார் பாக்கி.
அகாட்டா அதைத் தலைகீழாகத் திருப்பிப்
பின்பக்கத்திலிருந்து சர்க்கரைக் கணக்கைத் தொடங்கினாள்.
ஏழுக்குள் இருக்க வேண்டுமாம்.
முதல் நாள் பதினான்கு புள்ளி ஆறு.
"இது யார் வைத்த பாக்கி?" என்று கேட்டேன்.
அவள் சிரிக்கவில்லை.
அவள் அண்ணன் இயோடெபா
தராவா ஆஸ்பத்திரிக்கு நடந்துபோய்ப் படகேறியவன்.
இறங்கும்போது இரண்டு பேர் தூக்கினார்கள்.

பிறகு பட்டை தீர்ந்தது.
படகு வந்தது, அரிசி வந்தது,
மூட்டை மூட்டையாய் வெள்ளைச் சர்க்கரை வந்தது,
பட்டை வரவில்லை.
அது வந்து சேர்ந்தபோது
என் விரல்கள் சும்மா இருந்து பழகிவிட்டன.

செவ்வாய்க்கிழமை பரிசோதனை.
திங்கள் இரவு சோலார் விளக்கின் கீழே குந்தி
முப்பத்திரண்டு நாட்களை ஒரே மூச்சில் எழுதினேன்.
ஆறு புள்ளி எட்டு. ஏழு. ஆறு புள்ளி ஐந்து.
நம்பும்படி இருக்கட்டும் என்று
ஞாயிறுகளுக்கு மட்டும் ஒன்பது,
தேவாலய விருந்தின் பேரில்.

தெரெட்டியா பக்கத்தை விரலால் தடவினாள்.
மேலே கூராக இருந்த எழுத்து
கீழே வரவரத் தடித்து
முப்பத்திரண்டாம் நாளில் மழுங்கிக் கிடந்தது.
அப்புறம் கருவியின் பொத்தானை அழுத்தினாள்.
அதற்கு ஞாபகம் உண்டென்று
எவனும் எனக்குச் சொல்லவில்லை.

திட்டுவாள் என்று தலைகுனிந்தேன்.
"காலை நீட்டு" என்றாள்.
கண்ணைத் துணியால் கட்டினாள்.
கையில் இருந்தது ஒரு துண்டு நைலான்,
நாங்கள் தூண்டிலுக்குக் கட்டும் அதே நரம்பு.
நரம்பைச் சோதிக்க நரம்பு.
இருட்டில் மீன் முகர்ந்துபார்ப்பதைக்கூட
அந்த இழையில் விரல் வைத்துச் சொல்லிவிடுவேன் நான்.

"தொட்டால் சொல்."
சொன்னேன்.
சொன்னேன்.
பெருவிரலில், சொன்னேன்.
அப்புறம் நெடுநேரம் ஒன்றுமில்லை.
வெளியே யாரோ சைக்கிளைச் சாய்த்தார்கள்,
குழந்தை ஒன்று இருமியது.
"ஏன் நிறுத்திவிட்டாய்?"
"நிறுத்தவில்லை" என்றாள்.

கை நரம்பிலிருந்து எடுத்த ரத்தம்
ஐஸ் பெட்டியில் தராவாவுக்குப் படகேறிப் போயிருக்கிறது.
மூன்று மாத உண்மையை அது மொத்தமாகச் சொல்லுமாம்,
பென்சில் ஏதும் கேட்காமல்.

ஏறத்தான் ஏறுகிறேன்.
மரத்தில் வெட்டிய படிகளில்
வலது கால் தானே இடம் தேடிக்கொள்கிறது.
இடது காலை
குனிந்து பார்த்து வைக்கிறேன்.
உச்சியில் வழக்கம்போலப் பாடுகிறேன்,
கீழே இருப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.
பதநீரை ஒரு சொட்டு நாவில் வைத்துப் பார்த்துத் துப்புகிறேன்.
சில நாள் துப்புவதில்லை.
அந்த நாள் எண்ணையும் எழுதுகிறேன்: பன்னிரண்டு.

இரவில் அகாட்டா சவரக் கண்ணாடியை
என் பாதத்துக்குக் கீழே பிடிக்கிறாள்.
"குதிகாலில் சிப்பி கிழித்திருக்கிறது. தெரியுமா?"
"தெரியாது."
கழுவினாள், மருந்து வைத்தாள்.
அரைத் தூக்கத்தில் நோட்டை எடுத்து
தவறான பக்கத்தில் எழுதிவிட்டாள்.
இன்று காலை பார்த்தேன்:
போதகர் வீடு, இரண்டு பாட்டில், பாக்கி.
இடது குதிகால், ஒரு கீறல்.