எண்பது றாத்தல் தங்கூசி

வாடை தொடங்க எங்கள் பருவமும் தொடங்கியது.
குருநகரில், ஐஸ் போடுவதை நிறுத்திவிட்ட
ஐஸ் கொம்பனிக் கட்டடத்தில்
ஐந்து வெள்ளிக்கிழமை, ஐந்து கச்சேரி.
கச்சேரி என்று நோட்டீசில் போட்டது எங்கள் பிழை.
தவிலை எதிர்பார்த்து நாலுபேர்
பட்டு வேட்டியோடு வந்திருந்தார்கள்.
இடையில் எழும்பவில்லை, மரியாதையான மனிதர்கள்.
முடிந்தபின் ஒருவர் என்னிடம் வந்து
மெதுவாகக் கேட்டார்:
"பிள்ளை, அந்த மூலையில சொட்டின தண்ணியும்
உங்கட ஆக்களோ?"

அடுத்த கிழமை வாளி வைத்தோம்.
அதற்கடுத்த கிழமை
வாளியை எடுக்கச் சொன்னான் அதிரூபன்.
எழுதுகிறவன் அவன்.

நான் வியோலா.
பெரிய வயலினோ என்று கேட்பவர்களுக்கு
ஓம் என்று சொல்லப் பழகிவிட்டேன்.
அவன் எனக்கு எழுதியது ஒரே சுரம்,
பத்தொன்பது நிமிடம்.
கூட்டாதே, குறைக்காதே, அழகாக்காதே என்று
தாளின் ஓரத்தில் பென்சிலால்.

கதிரைக்காரன் பில்லில் எப்போதும் நாற்பது.
எங்கள் கணக்கில் பதினேழு, ஒன்பது.

மூன்றாம் வெள்ளி, ஒத்திகையில்
நிமலினியின் செலோவில் அடித் தந்தி அறுந்தது.
நல்ல சத்தம்.
கிளாரினெட் ஜெகநேசன்
கதிரைக்குக் கீழே குனிந்துவிட்டு
எதையோ தேடுவதுபோல் நடித்தான்.
நாங்களும் தேடிக் கொடுப்பதுபோல் நடித்தோம்.

புதுத் தந்தி கொழும்பில்.
இரவு பஸ்ஸில் போட்டாலும் சனி விடியத்தான் வரும்.
கச்சேரி ஆறரைக்கு.

பக்கத்து வாடியில் வலை பொத்திக்கொண்டிருந்த எமிலியான்
சத்தத்துக்கு எட்டிப் பார்த்தார்.
அறுந்த துண்டை வாங்கி விரலிடையில் உருட்டினார்.
"உள்ளுக்கை வேற சாமான். மேல கம்பி சுத்தியிருக்கு.
இது எங்களிட்ட இல்லை."
போனார்.
வந்தபோது கையில் தங்கூசிச் சுருள்.
"எண்பது றாத்தல். திருக்கைக்குப் போடுறது.
மூண்டு புரியா முறுக்கித் தாறன்.
இழுக்கேக்க கவனம், கையை வெட்டும்."
முடிச்சையும் அவரே போட்டார்.
சூரிச்சில் ஆறு வருடம் படித்த நிமலினிக்கு
எவரும் காட்டாத முடிச்சு.

வில் பட்டதும் அது பாடவில்லை.
செருமியது.
பிறகு, நீர் பிடித்த காதுக்குள்
யாரோ பெயர் சொல்வதுபோல் ஒரு சத்தம்,
எழுதிய சுரத்துக்குக் கொஞ்சம் கீழே,
ஐந்து கோட்டிலும் இல்லாத இடத்தில்.
அதிரூபன் பென்சிலை எடுத்தான்.
வெட்டப் போகிறான் என்று நினைத்தேன்.
செலோ என்ற சொல்லுக்குப் பக்கத்தில்
தங்கூசி என்று எழுதினான்.

அன்று மழை. நாலு பேர்.
ஐந்தாவதாக எமிலியான், ஈரச் சாரத்தோடு,
இருக்கச் சொல்லியும் இருக்காமல்
இரும்புக் கதவின் நிலையில்
சுட்டுவிரலை வைத்தபடி நின்றார்.
என் சுரத்துக்குள்
யாகப்பர் கோவில் மணி வந்து போனது,
ஓட்டோ ஒன்று வந்து திரும்பியது,
ஒரு வள்ளத்தின் எஞ்சின் மூன்று முறை இருமி
நாலாம் முறை பிடித்தது.
மூலைச் சொட்டு
தன் பாட்டுக்கு.

கை தட்டி ஓய்ந்ததும் அவர் சொன்னார்:
"ரெண்டு தரம் கடிச்சது.
கடைசிக்கு முதல் ஒருக்கா, நல்ல பாரம்.
நீங்கள் சுண்டியிருக்க வேணும்."

சனிக்கிழமை பார்சல் வந்தது.
கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.
அது இன்னும் என் பெட்டிக்குள்,
ஒட்டிய உறையோடு கிடக்கிறது.

நாலாம் வெள்ளி இருபத்திமூன்று பேர்.
அதில் பதினொருவர் கரையார்பக்க ஆட்கள்,
தங்கூசி பார்க்க வந்தவர்கள்.
இடையில் கதைத்தார்கள், ஒருவர் கச்சான் கொறித்தார்.
அதிரூபன் ஒன்றும் சொல்லவில்லை.
எனக்கு ஆத்திரம்.

ஐந்தாம் வெள்ளி, பதினோராம் நிமிடம்,
வில்லின் நடுவில், என் பெருவிரலுக்கடியில்
ஏதோ தொட்டது.
சின்னதில்லை.
கூட்டாதே, குறைக்காதே.
கதவடியில் எமிலியானின் தலை நிமிர்ந்ததைக் கண்டேன்.
நான் சுண்டவில்லை.
விட்டுக் கொடுத்தேன்,
இன்னும் எட்டு நிமிடக் கயிறு இருந்தது.