நான்கு கிலோமீட்டர் பயணம்

சூட்கேஸை இழுத்துக்கொண்டு படியிறங்கும்போது
பக்கத்துக் கதவு டொனாசியானோ கேட்டான்:
எங்கே பயணம்?
ரொம்ப தூரம், என்றாள் மரிசேலா.
பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள்.
வலிக்காது என்று சொல்லிச் சொல்லி
முகம் மாறாமல் பொய் சொல்லப் பழகியவள்.

நான்கு கிலோமீட்டர்.
பில்சனிலிருந்து சிகாகோவின் நடுமையத்துக்கு
நான் தினமும் ஆறு முறை போய்
ஆறு முறை திரும்பும் தூரம்,
அறுபதாம் எண் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில்.

எங்கிருந்து வருகிறீர்கள், என்றான் வரவேற்பு மேசைப் பையன்.
பதினெட்டாம் தெரு.
எந்த ஊரில்?
இந்த ஊரில்தான்.
திரையைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான்,
வீட்டில் குழாய் கிழாய் உடைந்துவிட்டதா என்று
மெல்ல, மிகுந்த அக்கறையோடு, கேட்டான்.

இருபத்து மூன்றாம் மாடி.
எல்லா விளக்கையும் போட்டுப் போட்டு அணைத்தாள் மரிசேலா.
தலையணைகளை எண்ணினாள். ஏழு.
இரண்டு தலைக்கு ஏழென்றால்
இன்னும் யார் வரப்போகிறார்களாம்?
பிறகு தொட்டியில் வெந்நீர் நிரப்பி
ஒன்றரை மணி நேரம் காணாமல் போனாள்.
கதவிடுக்கில் ஆரஞ்சு உரிக்கும் வாசனை.
நடுவில் ஒரு தடவை குரல் மட்டும்:
வெளியே என்ன விசேஷம்?
ஆற்றில் பனிக்கட்டி மிதக்கிறது, என்றேன்.
மிதக்கட்டும், என்றது குரல்.

சாயங்காலம் நடந்தோம்.
இந்தத் தெருக்கள் எனக்கு நிறுத்தங்களாகத்தான் பழக்கம்:
சக்கர நாற்காலிக்காரர் ஏறும் மூலை,
அட்டையில் காசில்லாதவர்கள்
காசில்லை என்று சொல்லாமல் ஏறும் மூலை.
முன்கண்ணாடிக்கு மேலும் கட்டிடங்கள் உண்டென்று
கேள்விப்பட்டதோடு சரி.
அண்ணாந்தேன்.
ஒரு வங்கியின் நெற்றியில் கல் கோதுமைக் கதிர்கள்,
அதற்கும் மேலே ஒரு கல் ஆந்தை,
ஆந்தையின் தலையில் உயிருள்ள புறா,
எதைப் பற்றியும் கவலையில்லாமல்.
ஏரிக்காற்றில் பறக்கப்போன என் தொப்பியைப் பிடித்தபடி
நான் இடித்த ஒவ்வொருவரிடமும்
மரிசேலாதான் மன்னிப்புக் கேட்டாள்:
இவர் ஊருக்குப் புதுசு.

மூன்று நாற்பதுக்கு விழிப்பு.
விடுமுறை என்று உடம்புக்கு யாரும் சொல்லவில்லை.
ஜன்னலுக்குப் போனேன்.
கீழே ஆளில்லாத சந்திப்பில்
சிவப்பும் பச்சையும் தங்களுக்குள் முறை மாற்றிக்கொண்டிருந்தன.
அப்போது வந்தது என் முதல் நடை,
வேறு யாரோ ஓட்ட.
திருப்பத்தில் அகலம் எடுக்கத் தெரியவில்லை,
நிறுத்தத்தைத் தாண்டி நின்றது.
என் வலது கால் தரைவிரிப்பை மிதித்தது.

அதன் கூரையில் எண் எழுதியிருக்கிறது!
வெள்ளைத் தகட்டில் ஆளுயரக் கறுப்பு எண்கள்.
பாதி திறந்த காற்றுத்துளை.
ஏதோ மாடியிலிருந்து விழுந்து
எத்தனை நாளாகவோ ஊர் சுற்றும்
ஒற்றைச் சிவப்புக் கையுறை.
பதினோரு வருடமாக
இவ்வளவும் என் தலைக்கு மேலே.

மரிசேலாவை எழுப்பலாமா என்று யோசித்து
எழுப்பியே விட்டேன்.
போர்வையோடு வந்து கண்ணாடியில் நெற்றியை ஒட்டி
வண்டி நகரும் வரை பார்த்தாள்.
உன் உச்சந்தலை மாதிரியே இருக்கிறது, என்றாள்.
உனக்கு எங்கே தெரியப்போகிறது.
ஏழு தலையணைகளில் நான்கை அணைத்துக்கொண்டு
திரும்பத் தூங்கிப்போனாள்.

ஞாயிறு பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்தோம்.
அவள் பையில் இரண்டு சோப்பு.
திரும்பும் பேருந்தில் வெர்லின் இருந்தாள், சீருடையில்.
என்ன எவுசேபியோ, ஆளையே காணோம், எங்கே போயிருந்தாய்?
ரொம்ப தூரம், என்றேன்.
கட்டணம் வேண்டாமென்று கையசைத்தாள்.
கேட்காமல் அட்டையைத் தேய்த்தேன்.

ஜன்னலோரம் மஞ்சள் கயிறு.
இத்தனை வருடம் அதன் மணியை மட்டும் கேட்டிருக்கிறேன்,
யாரோ இழுக்க, நான் நிறுத்த.
இழுத்தேன்.

இன்னும் இரண்டு நிறுத்தம் இருக்கிறதே, என்றாள் மரிசேலா.
தெரியும், என்றேன்,
சூட்கேஸைக் கையில் எடுத்தபடி.