இலக்கம் முப்பத்தொன்று

நீர்வேலியில், வாழைகளுக்கு நடுவே
முப்பத்தோராவது கிணறு.
அறிக்கையில் அதற்கு ஆள் இல்லை, வளவு இல்லை;
வரைபடத்தில் குண்டூசித் தலையளவு ஒரு புள்ளி.
நேரில் போனால் கப்பி உண்டு,
கிணற்றுக்கட்டில் கவிழ்த்துக் காயவைத்த
பால்போத்தல் உண்டு,
நித்தியவாணி உண்டு.
அவள் இடுப்பில் மூன்று மாதப் பெண்பிள்ளை.

மாதம் ஒருமுறை வருவேன்.
ஈயக்குண்டு கட்டிய போத்தலைக் கயிற்றில் இறக்கி
மூன்று தரம் அலசி ஊற்றி
நாலாவதை நிரப்பி ஐஸ் பெட்டிக்குள் வைத்து
நாள், நேரம், ஆழம் எழுதுவேன்.
"என்ன தங்கச்சி, நல்ல தண்ணியோ?"
"பாப்பம் அக்கா."
பார்த்தால் கண்ணாடி.
அடியில் கிடக்கும் தவளையின் விரலையும் எண்ணலாம்.

எங்களுக்கு மலையும் இல்லை, பெரிய ஆறும் இல்லை.
பெய்தது கல்லுக்குள் இறங்கி
உப்புக்கு மேலே,
பாலில் ஆடை படிந்ததுபோல் மிதக்கிறது.
அந்த ஆடையைத்தான் அள்ளிக் குடிக்கிறோம்.

போன மாரி
நாற்பது நாளுக்குரியதை மூன்று இரவில் கொட்டிவிட்டுப் போனது.
கல் குடிக்க அவகாசம் கிடைக்கவில்லை;
வெள்ளம் வீதியால் ஓடிக் கடலில் விழுந்தது.
தைக்குப் பிறகு ஒரு பாட்டமும் இல்லை.
வெங்காயத்துக்கு மோட்டர்கள் விடியும்வரை இரைய,
தண்ணீர் இறங்க இறங்க
உப்பு ஏறி எட்டிப் பார்த்தது.
பக்கத்துத் தறையில் குகதாசன்
வாழைக்கு யூரியா எறிந்துகொண்டிருந்தான்.
அவனைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.
குலை சிறுத்தால் சந்தையில் யாரும் ஏறெடுத்தும் பாரார்.
மேலே செம்பாடு, கீழே சுண்ணாம்புக்கல்,
கல் முழுக்கப் பொந்து.
போட்டதெல்லாம் கீழே போகும், கேட்பாரில்லாமல்.

நைத்திரேற்று ஐம்பதைத் தாண்டக்கூடாது.
முப்பத்தொன்று: நூற்று நாற்பத்தாறு.
திரும்பவும் செய்தேன்.
நூற்று நாற்பத்தெட்டு.
போத்தல் மாறியிருக்கும் என்று,
மாறியிருக்கவேண்டும் என்று
லேபிளைத் துடைத்துப் பார்த்தேன்.
என் கையெழுத்துத்தான்.

"அறிக்கை வரட்டும், இப்ப சொல்லிச் சனத்தைக் குழப்பாதேயும்"
என்றார் பொறுப்பாளர்.
சரி என்றேன்.
சரி என்பது எவ்வளவு சுகமான சொல்.

ஆனியில் போனபோது
கிணற்றைப் பார்க்கமுதல் பிள்ளையின் நகத்தைப் பார்த்தேன்.
நீலம் முதலில் அங்கேதான் வருமாம், பிறகு உதட்டில்.
வாழையிலை வெளிச்சத்தில்
எல்லாமே பச்சையாய்த்தான் தெரிந்தது.

"பிள்ளைக்கு என்ன தண்ணி அக்கா?"
வகுப்பில் விடை தெரிந்த பிள்ளையைப்போல
முகம் மலர்ந்தாள்.
"பச்சைத்தண்ணி தாறதே இல்லை.
நல்லாக் கொதிக்கவைச்சு, துணியால வடிச்சு,
ஆறவிட்டுத்தான் மா கரைக்கிறது.
கிளினிக்கில மிஸ்சி சொன்னவ."

கிருமிக்கு அது சரி.
இதற்கு உயிரே இல்லை, எப்படிச் சாகும்?
ஆவி பறக்கும், இது பறக்காது.
கொதிக்கக் கொதிக்கக் கேத்தலுக்குள் தடித்துக்கொண்டிருக்கும்.
அவள் இன்னும் கொஞ்சம் கவனமாய்
இன்னும் ஐந்து நிமிடம் அடுப்பில் விட்ட நாட்களில்
இன்னும் கொஞ்சம்.

தேத்தண்ணி தந்தாள். குடித்தேன்.
என் வயதுக்கு ஒன்றும் செய்யாது.
அந்தக் கணக்கும் எனக்குத் தெரியும்.

பிறகு சொன்னேன்.

அவள் ஏசவில்லை.
உள்ளே போய் அடுப்பை நிறுத்திவிட்டு வந்தாள்.
பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள்.
"உங்களுக்கு எப்பயிருந்து தெரியும் தங்கச்சி?"

என் கையிலிருந்த தாளில் எல்லாம் இருந்தது,
நாள், நேரம், ஆழம்.

அன்று போத்தலை இறக்கவில்லை.
ஆனி மாத நிரலில்
முப்பத்தொன்றுக்கு நேரே ஒரு கோடு.
'காரணம்' என்ற கட்டத்தை
இன்னும் நிரப்பவில்லை.