ஏழடிக்கு ஆறடி

பிரஜ்வல் சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தான்.
டேப் இல்லை. உள்ளங்கைப் பெட்டி ஒன்று கீச்சென்றது:
ஏழடி, ஒரு அங்குலம்.
"அந்த ஒரு இஞ்ச் ஃப்ரீ மேடம்."
அவன் தந்த தள்ளுபடி அவ்வளவுதான்.

சதுர அடி ஆயிரத்து நானூற்றைம்பது.
மேலே லாஃப்ட் தனி.
இழுப்பறை தனி, மூன்று,
அறைந்து சாத்தினாலும் சத்தமில்லாமல் மூடுமாம்.
கைப்பிடி வேண்டுமா என்றான்.
வேண்டாமென்றால் அதற்கும் ஒரு விலை இருந்தது.

"உங்ககிட்ட என்னென்ன இருக்குன்னு சொல்லுங்க,
அதுக்கேத்த மாதிரி பிரிச்சுடலாம்."
இப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை.
பட்டு மூன்று, ஒன்றில் ஜரிகை கறுத்தது.
கம்பெனி யூனிஃபார்ம் நாலு செட்.
தீர்த்தகிரியின் பேன்ட்கள்.
தன்ஷிகாவுக்குச் சின்னதாகிப்போய்
இன்னும் யாருக்கும் கொடுக்காத கவுன்கள்.
குக்கர் வந்த அட்டைப்பெட்டி.
ஆஸ்பத்திரி ஃபைல்.
அடகு ரசீதைச் சொல்லவில்லை.

சாயங்காலமே போனில் படம் வந்துவிட்டது.
தேன் நிறக் கதவு, திறந்தால் விளக்கு,
பக்கத்தில் ஜன்னல், ஜன்னலில் வெயில்.
எங்கள் அறையில் அந்தப் பக்கம் ஜன்னலே கிடையாது.
அதற்கு மட்டும் ரேட் போடவில்லை.
மற்றதெல்லாம் ஜி.எஸ்.டி.யோடு
தொண்ணூற்றெட்டாயிரத்து ஐம்பத்தெட்டு.

ஓ.டி. ஒரு நாளைக்கு நானூறு.
ஒரு இழுப்பறைக்கு எட்டு ஓ.டி.
எட்டு ராத்திரி நின்று
சத்தமில்லாமல் மூடும் ஒன்றை வாங்கி
அதில் எதை வைப்பது?
ஒன்றை நீக்கினேன். மூன்றையும் நீக்கினேன்.
லாஃப்ட் போனது. விளக்கு போனது.
கதவையும் எடுத்துவிட்டால் எவ்வளவு என்று
ராத்திரி பதினொன்றுக்கு மெசேஜ் போட்டேன்.
பிரஜ்வல் ஒரு சிரிப்பு பொம்மை அனுப்பினான்.

மத்திகிரி, ஜூஜூவாடி, ஆலசனத்தம்,
இப்போது பாகலூர் ரோடு.
ஆறு வருஷத்தில் நாலு வீடு.
ஓனர் கெம்பம்மாவுக்குச் சுவரில் ஆணி ஆகாது,
காலண்டரே டேப்பில்தான் தொங்குகிறது.
"கழட்டி மாட்டிக்கலாமாம்" என்றான் தீர்த்தகிரி.
கழட்ட எவ்வளவு, மாட்ட எவ்வளவு,
அடுத்த வீட்டுச் சுவர் ஆறரை அடியாக இருந்தால்
மிச்ச அரையடியை எங்கே நிறுத்துவது?
அவன் பதில் சொல்லாமல் போய்
தோசைக்கல்லைத் தேடினான்.
அது கட்டிலுக்கடியில் இருந்தது.

ராயக்கோட்டை ரோட்டில் ஆங்கிள் ரேக்,
எங்கள் ஸ்டோர் ரூமில் பேரிங் அடுக்குகிறோமே அதே ஜாதி.
ஐந்து தட்டு, குட்டியானை வாடகை சேர்த்து
நாலாயிரத்து எண்ணூற்றைம்பது.
உடம்பெல்லாம் துளை; எந்தத் தட்டையும்
எந்த உயரத்துக்கும் மாற்றலாம்.
பத்தாம் நம்பர் ஸ்பேனர் வீட்டிலேயே இருந்தது.
ஞாயிற்றுக்கிழமை நானே முறுக்கினேன்.
"ரேஷன் கடை மாதிரி இருக்கு" என்றான்.
தூசு படியும் என்றான். அதுவும் சரிதான்.
பழைய சேலையைக் குறுக்கே கட்டினேன்.
காற்றடித்தால் எங்கள் வீட்டு ரகசியமெல்லாம்
ஒரு நொடி வெளியே வந்து உள்ளே போகும்.

தேன் நிறக் கதவை இன்னும் போனிலிருந்து அழிக்கவில்லை.
பஸ்ஸில் உட்கார்ந்து சில நாள்
அந்த ஜன்னலைப் பெரிதாக்கிப் பார்ப்பதுண்டு.

முதல் ஷிஃப்ட். விடிகாலை நாலே முக்கால்.
இருட்டில் ஸ்டூலைத் தேடிக் கால் நீட்டியபோதே
கை யூனிஃபார்மைத் தொட்டுவிட்டது.
மூன்றாம் தட்டு நேற்று இருந்த இடத்தில் இல்லை,
மூன்று துளை கீழே இறங்கியிருந்தது.
அதற்குக் கீழே இடம் போதாமல்
அவன் பேன்ட்களெல்லாம் மடிந்து கிடந்தன.
அவன் தூங்கிக்கொண்டிருந்தான், அல்லது
தூங்குகிற மாதிரி.

ஒரு நட்டு மட்டும் தரையில் கிடந்தது.
எதற்கு உரியதென்று தெரியவில்லை.
ரேக்கை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு
பஸ்ஸுக்கு ஓடினேன்.