ஜூலைக்கான கட்டம்

காலபாரில் மே மாதம் மழை தொடங்கினால்
அக்டோபர்வரை அதற்கு வேறு வேலை கிடையாது.
அசிபோங் படகு ஓட்டுகிறார், நான் வலை இழுக்கிறேன்.
சல்லாத்துணியினும் மெல்லிய வலை.
அதன் கண்ணில் ஊசிமுனைகூட நுழையாது.
ஆனாலும் ஓர் ஆறு முழுக்க அதன் வழியே போகிறது.

ஜூலைத் தண்ணீர் தேநீர் நிறம்.
கேமரூன் மலைகளின் மண்,
யாருடையதோ ஒற்றை ரப்பர் செருப்பு,
ஓர் இலை, இலைமேல் ஓர் எறும்பு.
கழிமுகத்தின் வாயிலேயே
உப்புமானி பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது.
அயோடின் விட்டு, ஓரிரவு படியவைத்து,
கண்ணாடிச் சில்லில் பரப்பி
ஆயிரம் கட்டங்களையும் கடந்து வந்தேன்.

பதினொன்று.

பதினோராயிரம் அல்ல. பதினொன்று.
அதிலும் மூன்று உடைசல்.

பழைய பதிவேட்டைப் புரட்டினேன்.
எனக்கு முன்னால் எண்ணியவர் எஃபியோம்,
முத்து முத்தான கையெழுத்து.
நான்கு ஆண்டுகளின் ஜூலையிலும்
ஜூன் மாத எண்களே சட்டை மாற்றிக்கொண்டு நின்றன:
நானூற்றுப் பன்னிரண்டு நானூற்று ஒன்பதாகவும்
எண்பத்தேழு தொண்ணூறாகவும்.
திட்ட வாய் வரவில்லை.
கொட்டும் மழையில், குடல் புரட்டும் படகில்
ஒன்றுமில்லாததை அள்ளிவர
யார்தான் போவார்?

ந்சிடுங் கரையில், புகைக்கு நடுவிலிருந்து
அஃபியோங் கேட்டாள்:
"உன் கண்ணாடிப் பூச்சிகள் சௌக்கியமா?"
டயாட்டம் என்று இரண்டு தரம் சொல்லியிருக்கிறேன்.
இந்தப் பெயர் அவளாக வைத்தது.
அவள் அடுப்புக்கு வரும் போங்கா மீன்
அதைத்தான் வடிகட்டித் தின்கிறது.
"ஒன்றும் இல்லை" என்றேன்.
"அதுதான் தெரிகிறதே" என்று
ஒரு மீனைத் தூக்கிக் காட்டினாள்.
நெருப்பில் எண்ணெய் சொட்டவே இல்லை, சுள்ளி மாதிரி இருந்தது.
அவள் விரல்கள் என் நுண்ணோக்கிக்கு மூன்று வாரம் பிந்தியவை.
பொய் மட்டும் எழுதாதவை.

நவம்பரில் ஆறு குரலைத் தாழ்த்தியதும்
ஓதம் உப்பைத் தூக்கிக்கொண்டு மேலேறியது.
கண்டல் வேர்களில் வெள்ளைக் கோடு.
வெயில் முதல்முறையாக
தண்ணீருக்குள் இரண்டு முழம் இறங்கிப் பார்த்தது.
அப்புறம் வந்தன.
கோத்த மணிபோல ஸ்கெலெட்டோனீமா,
துளையிட்ட தாம்பாளம்போல காசினோடிஸ்கஸ்,
பெயர் தெரியாமல் படம் மட்டும் வரைந்துவைத்த ஒன்று.
ஒவ்வொன்றும் மூடியிட்ட கண்ணாடிச் சிமிழ்,
உள்ளே ஒரு சிட்டிகை பொன்பழுப்பு.
சிமிழ் இரண்டாகும்போது
மூடியும் அடியும் தனித்தனியே குடித்தனம் போகும்,
இரண்டுமே தனக்குள் அடங்கும் சிறு பாதி ஒன்றைச் செய்துகொள்ளும்.
டிசம்பரில் நாற்பதாயிரம் தாண்டியபோது
எண்ணும் பொறியை அழுத்திய கட்டைவிரல் மரத்துப்போனது.
அஃபியோங்கின் அடுப்பு சடசடத்தது.

ஜனவரியில் ஹார்மட்டான்.
வானம் சாம்பல், உதட்டில் வெடிப்பு,
ஆடியில் எத்தனை துடைத்தாலும் தூசி.
உயிருள்ளவற்றின் நெரிசலில் அன்று ஒன்று:
வெறும் கூடு, நீள் உருளை,
உப்பறியாத நன்னீர்ச் சாதி.
வடக்கே, பாலைக்குள்,
மனிதர் மறந்த காலத்தில் வற்றிய ஓர் ஏரி உண்டு.
அதன் தரை முழுக்க இவைதாம்.
காற்று அந்தத் தரையைச் சுரண்டி
ஊர்களுக்கு மேலாக இழுத்து வருகிறது.
செத்த ஏரியின் ஒரு துணுக்கு
என் சொட்டுத் தண்ணீரில் விழுந்து
பிழைத்திருப்பவற்றோடு தோளுரசிக் கிடந்தது.

தாளில் இரண்டே பத்திகள்: உயிர், வெற்றுக் கூடு.
கூட்டில் ஒன்று எனப் போட்டு
ஓரத்தில் "வான்வழி" என்று எழுதினேன்.
துறைத்தலைவர் அன்சா பென்சிலால் அடித்தார்.
நான் எழுதியிருந்தது மையால்.

மறு ஜூலை.
மழைக்கோட்டுக்குள் தலையை நுழைத்தபடி அசிபோங்,
"ஒன்றுமில்லாததற்குத்தானே?" என்றார்.
பெட்ரோல் இரண்டு கேன்.
அயோடின் குப்பி, வலை, காலிக் கட்டம்.

போனோம்.