நூற்றிருபது கிராம்

நார்விக்கில் டிசம்பர்.
சூரியன் சொல்லாமல் கொள்ளாமல் போய் மூன்று வாரம்.
மீன் கிடங்குக்கு அடியில்
எங்கள் நிலவறையில் மட்டும் ஜூலை மாதம்:
பச்சைத்தூள் தூவிய மலை,
பஞ்சு மேகம்,
நாற்பது வாட் பல்பு.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்குக் கூடுவோம்.
பல் மருத்துவர் எய்லிஃப்
கடைவாய் சுரண்டும் கொக்கியால்
எஞ்சினின் கரி எடுப்பார்.
"கொஞ்சம் அகலமாத் திற" என்பார் அதனிடம்,
பழக்க தோஷம்.
நான் பகலில் தபால் பொட்டலம் பிரிப்பவன்,
இங்கே பற்றாசு வைப்பவன்.
என் விரல் நுனியில் ரேகை கிடையாது.
வங்கியில் சிரமம்.

போர்கில்ட் மட்டும்
நிஜ ரயில் ஓட்டியவள்.
இருபத்தாறு வருஷம்
எல்லை மலையிலிருந்து துறைமுகத்துக்கு
இரும்புத்தாது இறக்கியவள்.
எண்ணாயிரம் டன்னைப் பனியில் நிறுத்தத் தெரிந்தவள்
நூற்றிருபது கிராமை
ஒவ்வொரு வாரமும் அதே வளைவில் கவிழ்ப்பாள்.
"பின்னாடி கனமே இல்லையே,
கைக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது."

அன்றைக்குப் பேச்சு
என் திருப்பு வளையத்தைப் பற்றி.
போன ரயில் வந்த வழியே திரும்ப
ஒரு சுற்றுப் பாதை போட்டிருந்தேன்.
இடது தண்டவாளம் சுற்றி வந்து
வலதைத் தொடுகிறது.
தொட்ட இடத்தில்
நேர்மின் எதிர்மின்னைக் கட்டிக்கொள்ள
எல்லாம் நின்றுவிடுகிறது.
"வெட்டு. ரெண்டு பக்கமும்
மயிரிழை இடைவெளி விடு" என்றார் எய்லிஃப்.
"வெட்டினேன்."
"வெட்டினது ஒரு பக்கம்."

அதிலிருந்து பேச்சு கெட்டிலுக்குத் தாவியது.
கொதிப்பதற்குச் சற்று முன்
அது ஏன் வாயை மூடிக்கொள்கிறது?
அதுவரை போடும் இரைச்சல் எங்கே போகிறது?
குமிழிகள் பாதி வழியில் சாகிற சத்தம்தான் அது என்றார் எய்லிஃப்,
மேலே வந்து சேரக் கற்றுக்கொண்டதும்
சத்தம் குறைகிறதாம்.
போர்கில்ட் நம்பவில்லை.
கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள்.
கெட்டில் முனகியது, இரைந்தது.
நாங்கள் மூவரும் குனிந்து காது கொடுத்தபோது

ஜூலை அணைந்தது.

"உன் வளையம்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.
நானும் அப்படித்தான் நினைத்தேன்.
படியேறிப் போய்க் கதவைத் திறந்தால்
துறைமுகம் இல்லை, தெரு இல்லை,
எதிர்வீட்டு சன்னல் நட்சத்திரம் இல்லை.
ஊரையே அணைக்கும் அளவுக்கு
என் பற்றாசுக்கு ஏது வலு?
கொஞ்சம் நிம்மதி,
கொஞ்சம் ஏமாற்றம்.

கீழே இறங்கும்போது
இருட்டில் ஒரு கரகரப்பு.
போர்கில்ட் அந்தப் பழைய இத்தாலி எஞ்சினை
விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள்.
புதியவற்றின் திருகுப்பல் பிடிவாதம்,
தள்ளினால் சக்கரம் சுழலாது.
இது கிழம், எல்லாப் பல்லும் நேர்ப்பல்,
இரண்டு பக்கமும் இணங்கும்.

நேர்ப்பாதையில் வேகமாக ஒரு தள்ளு.
பாதையின் கோடியில், நிலையத்துக் கூரையடியில்
அரிசிமணி அளவு விளக்கு
மங்கலாக விழித்தது.
கை நின்றதும் மூடிக்கொண்டது.

"இதான் நான் செஞ்ச வேலை" என்றாள்.
"பாரத்தோட இறங்குறப்போ பிரேக் பிடிச்சா
மோட்டார் கரண்ட் குடுக்கும்.
கம்பியில ஏறிப் போயிடும்.
எதிர்ல காலி வண்டி ஒண்ணு
அதைக் குடிச்சிட்டு மலை ஏறும்.
யார் ஓட்டுறாங்கன்னு தெரியாது.
ஒரு கை காட்டல். அவ்வளவுதான்."

எய்லிஃப் எதுவும் சொல்லவில்லை.
விளக்கிடம் போய்
கண்ணாடியைத் தூக்கிக் குனிந்து நின்றார்,
ஒரு பல்லைப் பார்ப்பதுபோல.
"இன்னொரு தரம்."
தள்ளினாள்.
"இன்னொரு தரம்."
என் முறை வந்தபோது
விரலில் ஒரு மெல்லிய எதிர்ப்பு,
உறங்கும் பூனையை நகர்த்துவதுபோல.
கைக்கு ஏதோ சொல்லத்தான் செய்தது.

எவ்வளவு நேரமோ.
கடிகாரம் மேசையில் இருந்தது, யாரும் பார்க்கவில்லை.
கட்டுப்பாட்டுக் குமிழை யாரும் குறைத்து வைக்கவுமில்லை.
ஜூலை திடீரென்று வந்ததும்
எஞ்சின் போர்கில்டின் விரலைவிட்டு எகிறி
முழு வேகத்தில் ஓடி
அதே வளைவில் கவிழ்ந்து
சக்கரம் சுழற்றிக்கொண்டு கிடந்தது.

கெட்டில்
முதலிலிருந்து முனகத் தொடங்கியது.